யார் யாரைச் சேர்த்து

ஜூலை, கோடை விடுமுறை என்று
பருத்திச் சட்டைகளாய் அடுக்கிக்கொண்டு போனேன்.
சுக்ரேயில் அது குளிர்காலம்.
பூகோளம் படித்தவள்தான்.
பெட்டிக்குத் தெரியவில்லை.

நெலிதா முதல் இரவே
மூன்று கம்பளிகளை மேலே போட்டுவிட்டுப் போனாள்.
அந்தப் பாரத்தில் புரளக்கூட முடியவில்லை.
அறை லிம்பெர்த்தினுடையது. அவனுக்கு வயது பத்து.
எனக்கு விட்டுக்கொடுத்து, இல்லை,
விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டு,
சோபாவில் படுத்தான்.
சமையலறை நாட்காட்டியில்
நான் கிளம்பும் தேதியைச் சுற்றிப்
பச்சையில் வட்டம் போட்டிருந்தான்.

காலையில் ஸ்பானிய வகுப்பு.
இருப்பதற்கு அங்கே இரண்டு வினைச்சொற்கள்:
என்றைக்குமாக இருக்க ஒன்று,
இப்போதைக்கு இருக்க ஒன்று.
'நான் மாணவி' என்று
வினையே இல்லாமல் இருந்து பழகியவளுக்கு
இரண்டுமே அதிகம்.

நிலக்கடலை சூப்பின் முன்னால் ஒரு மதியம்
குளிருகிறது என்று சொல்லப் போய்
"நான் ஈரமற்ற பெண்" என்று சொல்லிவிட்டேன்.
கரண்டியை இறக்காமலே லிம்பெர்த் சொன்னான்:
"அது எங்களுக்குத் தெரியும்."

எங்களுக்கு என்றது அவனில்லை.
அவன் மொழியில் அப்படி ஒரு சொல் கிடையாது.
நாமும் நாங்களும் அங்கே ஒன்றுதான்,
நொசோத்ரோஸ்.
எங்களுக்கு என்று பிரித்துக் கேட்டது
என் காது.

பதினோரு மணிக்குத் தெருமுனையில் சால்தேஞா.
நுனியைக் கடித்துச் சாற்றை உறிஞ்ச வேண்டும்.
முதலில் சிந்தியவர்
எல்லாருக்கும் காசு கொடுக்க வேண்டும்.
மூன்று வாரம் நான்தான் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில்
வாடகையை உறையில் போட்டுப்
பழக்கூடைக்கு அடியில் செருகுவேன்.
யாரும் அதைப் பார்த்ததில்லை.
சனிக்கிழமை அது அங்கே இருந்ததில்லை.

"நொசோத்ரோஸ் ஞாயிறு தாராபுகோ சந்தைக்குப் போகிறோம்"
என்றாள் நெலிதா.
நாமா? நாங்களா?
ஞாயிறு காலை ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு
வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.
வெளியே ஹார்ன் அடித்தது.
எனக்காக அடித்ததா என்று
இன்றுவரை தெரியாது.
ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

மினிபஸ் ஓட்டும் ஃபோர்துனாத்தோ
தன் அண்ணனோடு போனில் மட்டும்
கெச்சுவா பேசுவார்.
"அந்த மொழியில் நொசோத்ரோஸை எப்படிச் சொல்வது?"
சிக்னலில் கேட்டேன்.
திரும்பி, என்னைத்தான் கேட்டார்:
"யார் யாரைச் சேர்த்து?"

பச்சை விழுந்தது, பின்னால் வண்டிகள் கத்தின,
நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.
உன்னையும் சேர்த்தென்றால் நொகஞ்செக்.
உன்னை விட்டுவிட்டென்றால் நொகய்கு.
நாம், நாங்கள் என்று பதிலுக்குக் கொடுத்தேன்.
ழ இல்லாத சொற்கள்,
அவருக்குச் சுலபமாக வந்தன.

சும்மா இருந்திருக்கலாம்.
அன்றிரவு, சுவருக்கு அப்பால் போனில்
புரியாத ஆற்றில் புரிந்த ஒரே கூழாங்கல்லாய்
உருண்டு வந்தது: நொகய்கு.
மறுபடியும் நொகய்கு.
நியாயம்தான். அண்ணனுக்கு
நான் யார்?
மூன்று கம்பளிக்குள்ளும் குளிர்ந்தது.
இந்தத் தடவை இலக்கணப் பிழை இல்லை.

ஆகஸ்டில் ஒரு காலை
முட்டை பாதி வெந்திருக்க, அடுப்பு அணைந்தது.
"கேஸ் தீர்ந்துவிட்டது நோஸுக்கு,"
நெலிதா கத்தினாள்.
தெருவில் சிலிண்டர் லாரி மணியடித்துப் போய்க்கொண்டிருந்தது.
காலி சிலிண்டரின் ஒரு காதை லிம்பெர்த்,
மறு காதை நான்,
செருப்புகூட இல்லாமல் ஓடினோம்.
ஓடும்போதே மனசுக்குள் மொழிபெயர்த்தேன்:
நமக்கு.
யாரையும் கேட்கவில்லை.

பச்சை வட்டத்து நாள்
பெட்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை,
ஷூவோடு தன் கட்டிலில் ஏறிப்
போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.
"போய் வருகிறேன், லிம்பெர்த்."
கம்பளிக்குள்ளிருந்து கேட்டான்:
"அடுத்தவள் எப்போது வருகிறாள்?"